ஷோசோனின் காதலும் கடலும்: பழைய பதிவுகளைக் கேட்கத் தொடங்குபவர்களுக்கு

எர்னஸ்ட் ஷோசோன் எழுதிய 'போயெம் ட லாமூர் எ ட லா மேர்' ஒரு குரலுக்கும் முழு ஆர்கெஸ்ட்ராவுக்குமான பிரெஞ்சுப் பாடல் தொகுதி. 'காதலும் கடலும் பற்றிய கவிதை' என்று தமிழில் சொல்லலாம். ஏறக்குறைய அரை மணி நேரம் ஓடும். 1950களில் இதைப் பாடிப் பதிவு செய்தவர்களின் குரல்கள் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஆனால் அந்தப் பதிவுகளைத் தேடிப் போகிற பலர் முதல் சில நிமிடங்களிலேயே நிறுத்திவிடுகிறார்கள். சரசரப்பு, மங்கிய வாத்திய ஒலி, புரியாத மொழி என்று எல்லாம் ஒன்றாக வந்து மோதினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

என் யோசனை இதுதான்: பழைய பதிவில் தொடங்காதீர்கள். தெளிவான ஒரு பதிவில் இந்தப் படைப்பை நன்றாகப் பழகிக்கொண்டு, அப்புறம் பின்னோக்கிப் போங்கள். எந்த இடத்தில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டால், சரசரப்பு இருந்தாலும் அது தடையாக இருக்காது.

முதலில் படைப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஷோசோன் 1855இல் பாரிஸில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். சட்டம் படித்து வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்ட பிறகுதான் இசைக்கு வந்தார். இசையமைப்பாளர்களான மாஸ்னேயிடமும் சேசார் ஃபிராங்க்கிடமும் பாடம் கேட்டார். ஓபரா இசையமைப்பாளர் வாக்னரின் இசையைக் கேட்பதற்காக ஜெர்மனிக்குப் போய்வந்தவர். 1883இல் திருமணம் முடிந்து, வாக்னர் ஓபரா விழா நடக்கும் பைராய்ட்டுக்குத்தான் மனைவியோடு போனார். அந்தப் பாதிப்பு இந்தப் படைப்பில் நன்றாகவே கேட்கும். வாத்தியங்கள் ஓய்வில்லாமல் நகர்ந்துகொண்டே இருக்கும், ஒரு வரி முடிகிற இடத்தில் இசை முடியாது. 1899இல், 44 வயதில், சைக்கிள் விபத்தில் இறந்துபோனார். அதனால் அவர் விட்டுப்போன படைப்புகள் குறைவு.

1882இல் தொடங்கிய இந்தத் தொகுதியை அவர் முடிக்கப் பத்து ஆண்டுகள் ஆயின. கவிதைகள் அவருடைய நண்பர் மோரிஸ் பூஷோர் எழுதியவை. 1893 பிப்ரவரியில் பிரஸ்ஸல்ஸில் முதல் முறையாகப் பாடப்பட்டபோது பாடியவர் தேசிரே தெமெஸ்ட் என்ற டெனர் (உயர்ந்த ஆண் குரல்) பாடகர். பியானோ வாசித்தவர் ஷோசோன். ஏப்ரலில் பாரிஸில் ஆர்கெஸ்ட்ராவோடு பாடியவர் எலியனோர் பிளாங்க். கவிதையில் பேசுவது ஒரு ஆண், அவன் காதலிப்பது ஒரு பெண். ஆனாலும் பதிவுகளில் பெரும்பாலும் பெண் குரல்களே இருக்கின்றன. கேட்கத் தொடங்கிவிட்டால் இது உறுத்தாது.

படைப்பு மூன்று பகுதிகளாக ஓடும்: 'நீரின் மலர்' என்ற முதல் பாடல், வாத்தியங்கள் மட்டும் வாசிக்கும் ஒரு சிறிய இடையிசை, 'காதலின் மரணம்' என்ற இரண்டாம் பாடல். பெயரைப் பார்த்தாலே கதை தெரிந்துவிடும். லைலாக் பூவின் மணம் நிறைந்த காற்றோடு தொடங்குகிறது. கடற்கரையில் ஒரு பெண், கோடைக்காலக் காலை, காதல். பிறகு பிரியும் நேரம் வருகிறது. அவன் உள்ளுக்குள் ரத்தம் சிந்திக்கொண்டிருக்க, கடல் அதைக் கொஞ்சமும் சட்டை செய்யாமல் கரையில் புரள்கிறது.

இரண்டாம் பாடல் நம்பிக்கையோடு தொடங்கும். பாறைகளுக்கு நடுவே நீலத் தீவு தெரியப்போகிறது, அங்கே அவள் இருப்பாள். ஆனால் தீவில் நடப்பது வேறு. இரவுக் காற்று சருகுகளை உருட்டுகிறது, நிலவொளியில் மரங்கள் ஆவிகள் போல நிற்கின்றன, அவள் விநோதமாகச் சிரிக்கிறாள். அவள் கண்களில் அவன் ஒரே ஒரு சொல்லைப் படிக்கிறான்: மறதி. அதற்குப் பிறகு வருவதுதான் 'ல தான் தே லிலா', லைலாக்கின் காலம். இந்த வசந்தத்துக்கு லைலாக்கும் ரோஜாவும் திரும்பி வரப்போவதில்லை என்று சொல்லும் கடைசிப் பாடல்.

இவ்வளவு தெரிந்தால் போதும். அப்படியே பிரெஞ்சுக் கவிதையையும் ஒரு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது. பூஷோர் 1929இல் இறந்துவிட்டதால் வரிகள் இணையத்தில் தாராளமாகக் கிடைக்கும். இசைக்குறிப்பு படிக்கத் தெரிந்தவர்கள் ஐஎம்எஸ்எல்பி (IMSLP) என்ற இலவச இசைக்குறிப்புத் தளத்தில் குரல், பியானோ பதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

தேடும்போது கவனிக்க

ஷோசோன் 'போயெம்' என்ற பெயரில் வயலினுக்கும் ஒரு படைப்பு எழுதியிருக்கிறார். அதுதான் அவருடைய மிகப் புகழ்பெற்ற படைப்பு. வெறுமனே 'ஷோசோன் போயெம்' என்று தேடினால் வயலின்தான் வந்து நிற்கும். பாடல் தொகுதியின் எண் ஓபஸ் 19, வயலினுடையது ஓபஸ் 25. முழுத் தலைப்பையும் போட்டு, கூடவே பாடகரின் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். அவர் பெயரை ஆங்கில எழுத்துகளில் சி, எச், ஏ, யூ, எஸ், எஸ், ஓ, என் என்று அடிக்க வேண்டும்.

இன்னொன்று. 'ல தான் தே லிலா' பாடலை ஷோசோன் 1886இலேயே எழுதிவிட்டார். பியானோவோடு தனிப் பாடலாகவும் அது அச்சானது. அதனால் தேடலில் நான்கு நிமிடப் பதிவு ஒன்று வந்தால் அது முழுப் படைப்பு இல்லை. ஆனால் தொடங்குவதற்கு அது நல்ல இடம். அந்த மெட்டு முழுத் தொகுதியிலும் நடமாடுகிறது. பாடகர் அதைக் கடைசியில் பாடுவதற்கு வெகுநேரம் முன்பே வாத்தியங்கள் அதைக் காட்டிவிடும். மெட்டு மனதில் பதிந்துவிட்டால், காதல் உச்சத்தில் இருக்கும்போதே முடிவு எங்கோ ஒலிக்கத் தொடங்கிவிடுவது உங்களுக்குக் கேட்கும். இந்தப் படைப்பின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

தெளிவான ஒரு பதிவு

முதல் பதிவாக நான் சொல்வது விக்டோரியா தெ லோஸ் ஆஞ்செலஸ் பாடியது. லமூரே ஆர்கெஸ்ட்ரா, நடத்துநர் ழான்-பியேர் ழக்கியா, 1969, இஎம்ஐ நிறுவனம். ஸ்டீரியோ ஒலி, பளிச்சென்று இருக்கும். பார்சிலோனாவில் பிறந்த இந்த சொப்ரானோ (உயர்ந்த பெண் குரல்) பாடகியின் குரலில் ஒரு வெளிச்சம் உண்டு. முதல் பாடலின் காலை நேரம் அவர் குரலில் உண்மையாகவே காலை நேரம் மாதிரி இருக்கும். துயரத்தை அவர் அதிகம் அழுத்துவதில்லை. முதல் முறை கேட்பவருக்கு அதுதான் நல்லது. படைப்பின் வடிவம் முழுதாகத் தெரியும்.

இதை வரிகளைப் பார்த்துக்கொண்டு ஒரு முறை, பார்க்காமல் ஒரு முறை கேளுங்கள். வேறு வேலை செய்துகொண்டு பின்னணியில் ஓடவிட்டால் பயனில்லை. இந்த இசை மெல்ல மெல்ல நிறம் மாறுகிற ஒன்று. பாதிக் கவனத்தில் கேட்டால் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதாகத்தான் தோன்றும்.

மூன்று இடங்கள்

பழைய பதிவுகளுக்குப் போகும் முன் மூன்று இடங்களைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவிலும் இந்த மூன்றையும் ஒப்பிட்டாலே பாடகர்களின் வேறுபாடு புரிந்துவிடும்.

முதலாவது, குரல் முதன்முதலில் நுழையும் இடம். ஆர்கெஸ்ட்ரா மெதுவாக ஒரு சூழலை விரித்து வைத்த பிறகு, லைலாக் மணம் பற்றிய முதல் வரி வருகிறது. பாடகர் அந்த ஒலிக்குள் எப்படி வந்து சேர்கிறார்? சிலர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஓர் எண்ணத்தைத் தொடர்வது போல நுழைவார்கள். சிலர் மேடையில் முன்னால் வந்து நின்று பாடுவார்கள். எனக்குப் பிடித்தது முதல் வகை.

இரண்டாவது, மறதி என்ற அந்தச் சொல், பிரெஞ்சில் 'லூப்லி'. காதல் சாகிற கணம் இதுதான். கடைசிப் பாடல் அதற்குப் பிந்தைய துக்கம் மட்டுமே. இந்த இடத்தில் பாடகர் குரலை என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். அழுகிறாரா, வெறுமையாகச் சொல்கிறாரா, கிட்டத்தட்ட பேசுகிறாரா? நல்ல பாடகர்கள் இங்கே அழகான குரலைக்கூட விட்டுக்கொடுப்பார்கள்.

மூன்றாவது, கடைசிப் பாடலின் முடிவு. லைலாக்கின் காலமும் ரோஜாவின் காலமும் நம் காதலோடு சேர்ந்து என்றைக்குமாக இறந்துவிட்டன என்ற வரி. அரை மணி நேரம் பெரிய ஆர்கெஸ்ட்ராவோடு போராடிய பிறகு பாடகரிடம் என்ன மிச்சம் இருக்கிறது என்பது இங்கே தெரிந்துவிடும். மூச்சு, சுருதி, மனம் மூன்றும்.

கேட்கும் ஏற்பாடு

பழைய பதிவுகள் மோனோ. இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலிதான் வரும். ஹெட்போனில் கேட்டால் சரசரப்பு தலைக்குள்ளேயே இருப்பது போல இருக்கும். ஒரே ஒரு நல்ல ஸ்பீக்கரில், சற்றுத் தள்ளி உட்கார்ந்து கேட்டால் குரல் அறையில் இருக்கும். பாஸ் கூட்டும் வசதியை அணைத்துவிடுங்கள். மேல் சுரங்களின் கூர்மையைக் கொஞ்சம் குறைக்கலாம், ஆனால் நிறையக் குறைத்தால் மெய்யெழுத்துகள் போய்விடும், கூடவே சொற்களும் போய்விடும்.

ஒரே பதிவுக்குப் பல மறுபதிப்புகள் இருக்கும். சரசரப்பே இல்லாமல் வழவழவென்று இருப்பதுதான் சிறந்தது என்று எண்ண வேண்டாம். இரைச்சலை நீக்கும் வேலையில் மூச்சு வாங்கும் ஒலியும், சொல்லின் விளிம்பும், அரங்கின் காற்றும் சேர்ந்தே அழிந்துவிடுவது உண்டு. கொஞ்சம் சரசரப்பு இருந்தாலும் குரல் உயிரோடு இருக்கும் பதிப்பையே தேர்ந்தெடுங்கள். மோனோ பதிவைச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கிய பதிப்புகளை முடிந்தவரை தவிர்த்துவிடலாம்.

இந்தப் படைப்புக்கு மிகப் பழைய முழுப் பதிவுகள் ஏன் எளிதில் கிடைப்பதில்லை என்று கேட்பீர்கள். 78 சுழற்சி இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் நான்கைந்து நிமிடம்தான் பிடிக்கும். இந்த அரை மணி நேர இசையை ஆறேழு துண்டுகளாக வெட்ட வேண்டும். இதிலோ வெட்டுவதற்கு இடமே கிடையாது. 1948இல் நீண்ட நேரம் ஓடும் எல்பி இசைத்தட்டு வந்த பிறகுதான் இது ஒரே ஓட்டமாக வீடுகளுக்குள் வர முடிந்தது. தனிப் பாடலான 'ல தான் தே லிலா'வுக்கு அந்தச் சிக்கல் இல்லை. சொப்ரானோ பாடகி நெல்லி மெல்பா அதை முதல் உலகப் போருக்கு முன்பே, புனல் வழியாக ஒலியைப் பிடித்த காலத்திலேயே, பாடிப் பதிந்துவிட்டார்.

ஸ்வார்தவுட், மோந்தே: 1952

பின்னோக்கிய பயணத்தில் முதல் நிறுத்தம் இது. ஆர்சிஏ விக்டர் வெளியிட்டது. கிளாடிஸ் ஸ்வார்தவுட் அமெரிக்க மெஸ்ஸோ (நடுத்தரப் பெண் குரல்) பாடகி, நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் கார்மெனாகப் பெயர் பெற்றவர், 1930களில் ஹாலிவுட் படங்களிலும் நடித்தவர். இந்தப் பதிவின்போது அவர் பாட்டு வாழ்வின் பிற்பகுதியில் இருந்தார். குரல் இதமாக, ஆரவாரம் இல்லாமல் இருக்கும்.

ஆனால் இதைக் கேட்க வேண்டிய முக்கியக் காரணம் நடத்துநர் பியேர் மோந்தே. 1875இல் பாரிஸில் பிறந்தவர். ஷோசோன் உயிரோடு இருந்தபோதே பாரிஸ் ஆர்கெஸ்ட்ராக்களில் வயோலா வாசித்தவர். ராவெலின் 'டாஃப்னி எ க்ளோயே', ஸ்ட்ராவின்ஸ்கியின் 'வசந்தத்தின் சடங்கு' இரண்டையும் முதன்முதலில் நடத்தியவரும் அவரே. இந்த இசை பிறந்த நகரத்தில், அது புதிதாக இருந்த காலத்தில் வளர்ந்தவர் என்பது வாசிப்பில் தெரிகிறது. எங்கேயும் இழுப்பதில்லை. வாக்னர் சாயல் உள்ள இடங்களைக்கூடத் தடிமனாக்காமல், ஒவ்வொரு வாத்திய வரிசையும் தனியாகக் கேட்கும்படி நகர்த்துகிறார். இந்தப் பதிவில் ஒரு முறையாவது பாடகியை விட்டுவிட்டு ஆர்கெஸ்ட்ராவை மட்டும் பின்தொடருங்கள். பாடகர் வாயை மூடிக்கொண்டு நிற்கும் நேரம் இந்தப் படைப்பில் நிறைய. அந்த நேரங்களில்தான் கடல் பேசுகிறது.

கோலாசி: சொற்களுக்காக

இர்மா கோலாசி ஏதென்ஸில் பிறந்த கிரேக்க மெஸ்ஸோ. பிரெஞ்சுப் பாடல்களுக்காகவே பெயர் பெற்றவர். லூயி தெ ஃப்ரோமான் நடத்த, 1950களில் டெக்காவுக்காக இதைப் பாடினார். பெரிய பெயர்களின் நடுவே இது கவனிக்கப்படாமல் போவது எனக்கு வருத்தம்தான். ஒரு சொல்கூட மங்காமல், அதே சமயம் ஒரு சொல்லையும் அழுத்திக் காட்டாமல் பாடுகிறார்.

பிரெஞ்சுப் பாட்டில் உச்சரிப்பு என்பது அலங்காரம் இல்லை. மூக்கொலி கலந்த உயிரெழுத்துகளும், பேச்சில் விழுங்கிவிட்டுப் பாட்டில் மட்டும் மெல்லத் தொட்டுச் செல்லும் கடைசி எழுத்தும்தான் அந்த மெட்டுகளுக்கு வளைவைக் கொடுக்கின்றன. மொழி தெரியாவிட்டாலும் இதைக் காதால் கேட்க முடியும். கோலாசியை வரிகளோடு வைத்துக் கேளுங்கள். உடனே ஸ்வார்தவுட்டின் அதே வரிக்குத் திரும்புங்கள். வேறுபாடு தானாகவே தெரியும்.

பழைய பாடகர்களிடம் இன்னொன்றும் கவனிக்கலாம். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போவது, போர்ட்டமென்டோ. கர்நாடக சங்கீதம் கேட்டவர்களுக்கு ஜாரு நினைவுக்கு வரும், ஆனால் இங்கே அது இலக்கணத்தின் பகுதி இல்லை. பாடகரின் ரசனைப்படி வருவது. பின்னாளில் இதைப் பழைய பாணி என்று பலர் கைவிட்டார்கள். அதன் பழைய அழகைக் கேட்க வேண்டுமானால், பாடகி மேகி டெய்ட் 1943இல் நால்வர் தந்தி வாத்தியக் குழுவோடும் பியானோவோடும் பதிந்த ஷோசோனின் இன்னொரு பாடல் 'ஷான்ஸோன் பெர்பெத்யூவெல்' இருக்கிறது. இசையமைப்பாளர் டெபுஸியிடமே நேரில் பாடம் கேட்டவர் டெய்ட்.

ஃபெரியர்: அவசரப்படாமல்

கேத்லீன் ஃபெரியர் பாடிய பதிவுதான் எல்லோரும் முதலில் சொல்வது. நான் அதை வேண்டுமென்றே இவ்வளவு தாமதமாக வைத்திருக்கிறேன்.

இது ஸ்டூடியோ பதிவு இல்லை. 1951 மார்ச் 9 அன்று ஜான் பார்பிரோலி நடத்த, ஹாலே ஆர்கெஸ்ட்ராவோடு ஃபெரியர் பாடியதன் பிபிசி வானொலி ஒலிபரப்பு. அந்த ஒலிபரப்பைப் பிடித்து வைத்த தட்டுகளிலிருந்து வந்தது. சரசரப்பு உண்டு, வாத்தியங்கள் பின்னால் மங்கிக் கிடக்கும். லங்காஷயரில் தொலைபேசி இணைப்பகத்தில் வேலை பார்த்துவிட்டுப் பாட வந்தவர் ஃபெரியர். கான்ட்ரால்டோ, அதாவது மிகத் தாழ்ந்த பெண் குரல்; ஆழமானது, இருண்டது. பாக், ஹாண்டெல், மாலர் என்று இருந்தவரை இந்தப் பிரெஞ்சுப் படைப்பின் பக்கம் இழுத்து வந்தவர் பார்பிரோலி.

பாடிய சில வாரங்களில் அவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. 1953 அக்டோபரில், 41 வயதில் இறந்தார். இந்தத் தகவல் தெரிந்த பிறகு கேட்டால் ஒவ்வொரு வரியிலும் மரணம் கேட்பது போல இருக்கும். அதை ஒதுக்கி வைத்துவிட்டுக் கேளுங்கள் என்பேன். அன்று மாலை அவர் பாடியது தன் முடிவை நினைத்து அல்ல. ஒரு புதிய படைப்பைக் கற்றுக்கொண்டு, முழு பலத்தோடு பாடுகிற ஒரு பெரிய கலைஞர் அவர். அப்படிக் கேட்டால்தான் அவருடைய சாதனைக்கு நியாயம் செய்ததாகும்.

அவருடைய பிரெஞ்சில் ஆங்கிலச் சாயல் உண்டு. கோலாசிக்குப் பிறகு கேட்டால் அது தெரியும். ஆனால் மறதி என்ற அந்த இடத்துக்கு வாருங்கள். குரலின் நிறமே செய்தியைச் சொல்லிவிடுகிறது. எந்த நடிப்பும் தேவைப்படவில்லை. பார்பிரோலி அவரை மூழ்கடிக்காமல் தாங்கிப் பிடிப்பது அந்த மங்கிய ஒலியிலும் கேட்கிறது. படைப்பை நன்கு தெரிந்த காதுக்கு மங்கிய வாத்தியங்களை மனமே நிரப்பிக் கொடுத்துவிடும். இந்தப் பதிவைக் கடைசிவரை தள்ளிவைக்கச் சொன்னதற்குக் காரணம் அதுதான்.

அப்புறம்

ஜேனட் பேக்கர் பாடியவை இரண்டு கிடைக்கின்றன. 1975இல் ஸ்வெத்லானோவ் நடத்திய மேடைக் கச்சேரி ஒன்று, 1977இல் ஆந்த்ரே பிரெவினோடு இஎம்ஐ ஸ்டூடியோவில் செய்தது ஒன்று. இரண்டிலும் லண்டன் சிம்ஃபனி ஆர்கெஸ்ட்ராதான். ஒரே பாடகி, ஒரே ஆர்கெஸ்ட்ரா, இரண்டே ஆண்டு இடைவெளி. நடத்துநரும் மேடையும் மாறினால் பாட்டு எவ்வளவு மாறும் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. ஸ்வெத்லானோவோடு பாடியதில் ஆபத்து அதிகம், எனக்கு அதுவே நெருக்கம். பிரெவின் பதிவில் ஒலி மிக அழகு. ஜெஸ்ஸி நார்மன், ஆர்மின் ஜோர்டான் நடத்த மோந்தே கார்லோ ஆர்கெஸ்ட்ராவோடு 1980களில் பாடியது பெரிய குரலின் விருந்து. ஆனால் அந்தச் செழுமைக்குப் பழகிவிட்டால் ஸ்வார்தவுட்டின் அடக்கம் சாதுவாகத் தோன்றும் என்பதால் அதையும் பிறகே கேளுங்கள்.

இதே வழியில் அடுத்த படைப்பு வேண்டுமானால் ராவெலின் 'ஷெஹெராஸாத்' (1903) இருக்கிறது. மூன்று பாடல்கள், ஷோசோனைவிடச் சுருக்கம். அங்கே தெளிவான முதல் பதிவாக பாடகி ரெஜின் கிரெஸ்பான், நடத்துநர் அன்செர்மே கூட்டணியின் 1963 டெக்கா பதிவை எடுத்துக்கொண்டு, பிறகு மேகி டெய்ட் 1948இல் பாடியதற்குப் பின்னோக்கிப் போகலாம். அதிலும் குரல் நுழையும் முதல் இடத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.